சம்பூருக்கென்று ஒரு கட்டம்

அன்புவழிபுரத்துக் கோணேஸ்வரி அமெரிக்காவில் வீடு வாடகைக்கு விடுகிறாள் என்று ஒரு கதை கொஞ்சக் காலம் ஊருக்குள் உலாவியது. அதில் பொய் அதிகமில்லை. அமெரிக்காவில் எங்கேயோ, குளிரூட்டிய அறையொன்றில் இருந்த பெரிய கொம்பியூட்டரில் அவள் மொத்தமாக இடம் எடுத்து, அதைத் துண்டு துண்டாகத் திருகோணமலைக்காரருக்கு வெப்சைட் வைக்கக் கொடுத்து வந்தாள். பக்கத்து ஒழுங்கை கமலேஸ்வரி அக்கா ஒரு நாள் வந்து, தன்னுடைய மகன் கனடாவுக்குப் போகிற வழியில் இடையில் அகப்பட்டு நிற்கிறான், அவனுக்கொரு அறை கிடைக்குமோ என்று கேட்டார். கோணேஸ்வரி விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "இப்ப எல்லாம் நிரம்பியிருக்கு அக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். விளங்கப்படுத்த வேண்டும் என்ற ஆசை அவளுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே தேய்ந்து போயிருந்தது.

அவள் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தவள். சண்டை கூடக் கூடக் கப்பல் குறைந்தது. கப்பல் குறையக் குறைய, கப்பல் ஏன் வரவில்லை என்று விளக்கும் கடிதங்கள் கூடின. ஆகவே கந்தோர் சாகக் கிடந்த வருடத்தில்தான் அவளுக்கு வேலை உச்சத்தில் இருந்தது. கடைசியில் முதலாளி கொழும்புக்குப் போனபோது கொம்பியூட்டரை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். பெருந்தன்மை கொஞ்சம் இருந்திருக்கலாம். வழி நெடுக ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் அந்தப் பெட்டிக்கு விளக்கம் சொல்ல வேண்டுமே என்ற அலுப்புத்தான் அதைவிடக் கூட.

பிறகு சமாதானம் என்று ஒன்று வந்தது. ரோட்டுகள் திறந்தன, வெளிநாட்டிலிருந்து சனம் வந்தது, எல்லோருக்கும் வெப்சைட் வேண்டியிருந்தது. கோணேஸ்வரி வீட்டு முன்னறையில் ஒரு மேசை, நாலு கதிரை, ஓர் அலுமாரி போட்டுத் தொழிலைத் தொடங்கினாள்.

தொழிலில் அவளை வாட்டியது கொன்ட்ரோல் பனல். வாடிக்கையாளர் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே வந்து, தன்னுடைய வெப்சைட்டில் அறிவித்தல் மாற்ற, ஈமெயில் முகவரி உண்டாக்க என்று உள்ள பக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். அதைச் செய்து விற்றது வேறொரு வெளிநாட்டுக் கொம்பனி. விரும்பிய மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரம் சொன்னது. உண்மைதான், மாற்றலாம். மாற்றியது நிற்காது. ஒன்றிரண்டு மாதத்துக்கொரு தரம் கொம்பனி தன் பனலைப் புதுப்பிக்கும். அப்டேற் என்று அதற்குப் பெயர். அப்டேற் வந்து போன காலையில் பார்த்தால், அவள் மறைத்தது வெளியே நிற்கும், அவள் சேர்த்தது காணாமல் போயிருக்கும்.

நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்த சரீப் நானா பனலைத் திறந்த முதல் நாளே வந்துவிட்டார்.

"தங்கச்சி, எனக்கு வேண்டியது ஒரு பொத்தான். இதில வானத்து நட்சத்திரம் மாதிரி கிடக்கு."

"எது வேணும் நானா?"

"ஈமெயில் பாக்கிறது. மிச்சமெல்லாத்தையும் களட்டிப் போடுங்க."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஈமெயில் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வெப்சைட்டை முழுதாக அழிக்கும் பொத்தானையும் வைத்திருந்தார்கள், நிறம் மட்டும் கொஞ்சம் வேறு. அவர் ஒரு தரம் அழித்தார். கோணேஸ்வரி திருப்பி எடுத்துக் கொடுத்து, அந்தப் பொத்தானை மறைத்தாள். அப்டேற் அதை வெளியே கொண்டுவந்தது. அவர் மறுபடி அழித்தார். "உங்கட கொம்பனிக்கும் எனக்கும் ஏதோ பழைய கோவம் இருக்கு" என்றார், கோபமில்லாமல்.

கோணேஸ்வரி கொம்பனிக்கு எழுதினாள். முறைப்பாடு எழுத அங்கே ஒரு பக்கம் உண்டு. எழுதியதற்கு ரிக்கற் என்று ஓர் இலக்கம் தருவார்கள். பிறகு கெவின் என்றோ மெலிசா என்றோ ஒருவர், உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் பெறுமதியானது என்று பதில் போடுவார். தமிழ் எழுத்துப் போட்டால் பனலில் கேள்விக்குறிகளாக வருகிறதே என்று அவள் கேட்டபோதும் அதே பெறுமதிதான் கிடைத்தது. அவள் பிறகு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். தமிழ்ச் சொல்லைப் படமாகச் செய்து, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் படத்தை ஒட்டிவிடுவாள். ஒவ்வொரு அப்டேற்றுக்குப் பிறகும் மறுபடி ஒட்டுவாள்.

பாலையடி அம்மன் கோயில் அவளிடம் வந்தது அந்தச் சமாதான காலத்தில்தான். அந்தக் கோயில் மூன்று ஊருக்குப் பொது: நகரம், சாம்பல்தீவு, சம்பூர். ஊருக்கொரு தர்மகர்த்தா. அம்மனுடைய நகைகள் இருக்கும் பெட்டகத்தில் மூன்று பூட்டு, ஆளுக்கொரு திறப்பு. மூன்று பேரும் சேர்ந்து வராவிட்டால் அம்மனுக்கு மூக்குத்தி இல்லை. ஒருவரையொருவர் நம்பாததால் வந்த ஏற்பாடு இது. தலைமுறை தலைமுறையாக அவர்களைச் சேர்த்து வைத்திருந்ததும் இதே ஏற்பாடுதான்.

நகரத்துக்குக் கனகசுந்தரம் ஐயா, கல்விக் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். சாம்பல்தீவுக்குக் கதிரவேல், வள்ளமும் வலையும் வைத்திருந்தவர். சம்பூருக்கு இராசநாயகம் ஐயா, வயலும் மாடும். மூவரும் ஒன்றாக வந்து, கதிரைகளை ஒன்றுக்கொன்று சரிநேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"வெப்சைட்டுக்கு எத்தினை திறப்பு?" என்று கேட்டார் கனகசுந்தரம் ஐயா.

"ஒண்டு ஐயா. ஒரு பாஸ்வேர்ட்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்டெண்டால் அது ஆரிட்ட இருக்கும்?" என்றார் கதிரவேல். "ஐயாவிட்டயோ? பிறகு சாம்பல்தீவுக்காரன் பேர் கடைசியில வரும்."

"இப்பவே உன்ர பேர் கடைசியிலதானே வருது" என்றார் இராசநாயகம் ஐயா.

மூன்று பேரும் சேர்ந்தால்தான் திறக்கும்படி பனலை மாற்றித்தர வேண்டும். அதுதான் கோரிக்கை. கோணேஸ்வரி கொம்பனிக்கு எழுதினாள். ஒரு கோயிலுக்கு மூன்று பேர் ஏன் என்று மெலிசா கேட்டார். கோணேஸ்வரி நீளமாக விளக்கி எழுதினாள். கருத்துப் பெறுமதியானது, ஆனால் இயலாது என்று கெவின் பதில் போட்டார்.

ஆகவே களவாகத்தான் செய்தாள். உள்ளே நுழையும் பக்கத்தை உடைத்து, பாஸ்வேர்ட் போடும் ஒரு கட்டத்தை மூன்று கட்டமாக்கினாள். ஒவ்வொருவரும் தங்கள் துண்டைப் போட, மூன்றும் பின்னால் ஒட்டி ஒரே பாஸ்வேர்டாகும். கட்டங்களுக்கு மேல் நகரம், சாம்பல்தீவு, சம்பூர் என்று மூன்று படம் ஒட்டினாள். அம்மனுக்கு முன்னால் மூவரும், தங்கள் துண்டை இன்னொருவருக்குச் சொல்வதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள்.

அறிவித்தல் மாற்றுகிற நாளில் இராசநாயகம் ஐயா மூதூரில் லோஞ்ச் ஏறிக் குடாவைக் கடந்து வருவார். சில நாளில் தயிர்ச் சட்டியும் வரும். ஒருவர் போடும்போது மற்ற இருவரும் எழும்பிச் சுவரைப் பார்த்து நிற்பார்கள். கனகசுந்தரம் ஐயா ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிப்பார். மற்ற இருவரும் காது கேளாதவர்கள் மாதிரி நிற்பார்கள். கோணேஸ்வரியும் மரியாதைக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மரியாதைக்கு மட்டும்தான். இடம் கொடுக்கிறவள் என்ற முறையில் அவளுடைய பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. எந்த வாடிக்கையாளருடைய பாஸ்வேர்டையும் அவரைக் கேட்காமலே மாற்றும் பொத்தான் அது. அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. மூன்று பூட்டைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களிடம், சுவரே இல்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் குடாவுக்கு அந்தப் பக்கம் குண்டு விழத் தொடங்கியது. சம்பூர்ச் சனம் கையில் கிடைத்ததோடு தெற்கே போனது. ஈச்சிலம்பற்று, பிறகு வாகரை, பிறகு மட்டக்களப்பு என்று செய்தி வந்தது. பிறகு செய்தியும் வரவில்லை. லோஞ்ச் நின்றது. அந்த வருடத் திருவிழாவுக்குப் பெட்டகம் திறக்க வேண்டியிருந்தது. சம்பூர்ப் பூட்டைக் கதிரவேல் இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தார். அம்மன் வெறும் மூக்கோடு நிற்க ஏலாதுதானே என்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அறுத்த இடத்தில் புதுப் பூட்டுப் போடவும் இல்லை.

வெப்சைட் மட்டும் அப்படியே கிடந்தது. சமாதான காலத்துக் கடைசி அறிவித்தல், வெளிநாட்டு அடியார்கள் எல்லோரும் குடும்பத்தோடு திருவிழாவுக்கு வருக வருக என்று அழைத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம், சுவிஸில் ஒரு குடும்பம் அந்த அழைப்பை நம்பிப் பிள்ளைகளோடு வரப்போகிறது என்று செய்தி கிடைத்ததும், கனகசுந்தரம் ஐயாவும் கதிரவேலும் கோணேஸ்வரியிடம் வந்தார்கள். அந்தக் கிழமைதான் சம்பூரை, சனம் திரும்பிப் போக ஏலாத அதியுயர் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்க வர்த்தமானியில், அதுதான் கெசற்றில், போட்டிருந்தார்கள்.

"பிள்ளை, மூண்டை ரெண்டாக்க வேணும்" என்றார் கதிரவேல்.

"எதை அண்ணை?"

"கட்டத்தை. சம்பூர்க் கட்டத்தை எடுத்து விடு. கெசற்றிலயே ஊரை எடுத்தாச்சு, நாங்கள் என்னத்துக்கு வைச்சிருப்பான்?"

"நிரந்தரமா இல்லை" என்றார் கனகசுந்தரம் ஐயா, வேறெங்கோ பார்த்தபடி. "இப்போதைக்கு."

திருகோணமலையில் இப்போதைக்கு என்று வைத்த முள்ளுக்கம்பி எதையும் பிறகு எடுத்ததாகக் கோணேஸ்வரிக்கு நினைவில்லை. பெட்டகத்தில் சம்பூர் போய்விட்டது. வர்த்தமானியில் போய்விட்டது. இராசநாயகம் ஐயாவின் ஊருக்கு இன்னும் ஓர் இடம் விட்டு வைத்திருந்தது, அவள் களவாகச் செய்த அந்தப் பக்கம் ஒன்றுதான். இந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தலையில் எதையும் ஏற்றிக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை.

"ஏலாது அண்ணை. பனல் விடாது" என்றாள். அந்தக் கொம்பனிக்கு அவள் முதல் தரம் நன்றியோடு இருந்தாள்.

"மூண்டு போட விட்டது, ரெண்டு போட விடாதோ?"

"மூண்டு போடவும் விடேல்ல. களவாத்தான் போட்டனான்."

"அப்ப களவாவே எடு."

கனகசுந்தரம் ஐயா கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். "கொம்பனிக்கு எழுதும். இங்கிலீஸ் நான் சொல்லுறன்." அவர் கல்விக் கந்தோர் இங்கிலீஸில், தங்கள் மேலான கவனத்துக்கு என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிவான ஊழியன் என்று முடித்தார். கோணேஸ்வரி ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள். கெவினிலும் மெலிசாவிலும் அவளுக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது. எத்தனை வருடமாக எதைக் கேட்டாலும் இயலாது என்று சொன்னவர்கள்.

பதில் வந்த நாளில் இருவரும் முன்னறையில்தான் இருந்தார்கள். கனகசுந்தரம் ஐயா கண்ணாடியைப் போட்டு, திரையில் தானே வாசித்தார். மகிழ்ச்சியான செய்தியாம். பல வாடிக்கையாளர் கேட்டபடியால், வருகிற அப்டேற்றில் ஒரே கணக்குக்குப் பல உரிமையாளர் சேர்ந்து நுழையும் வசதி வருகிறதாம். இரண்டு பேரோ, மூன்று பேரோ, ஐந்து பேர் வரைக்கும் விரும்பியபடி வைக்கலாமாம்.

"விடுதாம்" என்றார் கதிரவேல்.

கோணேஸ்வரி அதைத் தானும் ஒரு தரம் வாசித்தாள். வேண்டும் வேண்டும் என்று கெஞ்சியபோது தராததை, வேண்டாம் என்று வேண்டியபோது தந்திருக்கிறார்கள்.

"விடும்தான். நான் செய்யமாட்டன்."

"ஏன் பிள்ளை?"

"அந்தாளைக் கேக்காமல் எடுக்கேலாது அண்ணை."

"எங்க போய்க் கேக்கிறது? உயிரோட இருக்கிறாரோ எண்டும் தெரியாது. இப்ப ஊரில பனல் தெரிஞ்ச பெடியள் எத்தினை பேர். நாங்கள் வேற ஆளைப் பாப்பம்."

"பாருங்கோ. அறிவித்தலை மாத்திறதுக்கு ஆரும் தேவையில்லை. என்னட்ட ஒரு பொத்தான் இருக்கு. அமத்தினால் உங்கட மூண்டு துண்டும் இல்லாமல் போகும், புதுப் பாஸ்வேர்ட் வரும். முதல் நாளில இருந்தே இருக்கு."

கதிரவேலுக்குத்தான் முதலில் விளங்கியது.

"அப்ப எங்களைச் சுவரைப் பாக்க விட்டிட்டு நீ சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறாய்."

"சிரிக்கேல்ல அண்ணை."

"பொத்தான் இருந்தால் அமத்தன். ஏன் மறிக்கிறாய்?"

"அறிவித்தலுக்கு அமத்துறன், சுவிஸ் ஆக்கள் வரக்கூடாதுதான். கட்டத்தில கை வைக்கமாட்டன். அது பூட்டு இல்லை எண்டு இப்ப உங்களுக்கும் தெரியும். பூட்டு இல்லையெண்டால் அது மூண்டு பேருக்குப் போட்ட கதிரைதானே. ஆள் இல்லாத நேரம் கதிரையை எடுத்து அடுக்கச் சொல்லுறீங்கள்."

கதிரவேல் எழும்பிப் போனார். போகும்போது, பெட்டகத்தையும் அவளிடமே கொடுத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு போனார். கனகசுந்தரம் ஐயா பின்னால் போனார். கோயில் போனால் அதைப் பார்த்து வந்த மற்ற வாடிக்கையாளரும் போவார்கள் என்பது கோணேஸ்வரிக்குத் தெரியும். கவலைப்பட வேண்டும் என்று நினைத்தாள். களைப்பாக இருந்தது. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தாள்.

சொன்னபடியே அப்டேற் வந்தது. அவளுடைய மூன்று கட்டமும் படங்களும் துடைத்த மாதிரிப் போயிருந்தன. சரீப் நானாவின் அழிக்கும் பொத்தான் இந்த முறை இன்னும் பெரிதாக வந்திருந்தது. அதை முதலில் மறைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் கனகசுந்தரம் ஐயா மொபைல் போனோடு தனியாக நின்றார்.

"ஆள் இருக்கிறார். மட்டக்களப்புப் பக்கம் முகாமில. அவற்ர மருமகனைப் பிடிச்சு லைன் எடுத்தனான்." உட்கார்ந்தார். "பெட்டகத்துக்கு ஆளைக் கேக்கேல்ல. இதுக்கெண்டாலும் கேளும்."

"நீங்கள் கேக்கலாமே ஐயா."

"பூட்டு அறுக்கேக்க நானும் பக்கத்தில நிண்டனான்."

போனில் முதலில் தண்ணீர்க் குடங்களின் சத்தமும் பெண்களின் வாக்குவாதமும் கேட்டன. பிறகு இராசநாயகம் ஐயாவின் குரல், எப்போதும் போல் சாவதானமாக வந்தது.

"ஆர், கோணேஸ்வரிப் பிள்ளையே? தயிர் கொண்டுவர ஏலாது பிள்ளை, மாடெல்லாம் அங்க நிண்டிட்டுது."

"பறவாயில்லை ஐயா. கோயில் வெப்சைட்டில ஒரு மாத்தம் செய்ய வேணும். உங்கட துண்டு தேவை."

"அது போனில சொல்லேலாதே. சத்தியம் பண்ணினது."

"ஐயா, ஊரே போச்சு."

"ஊர் போனதுக்குச் சத்தியம் என்ன செய்யும்? அது கிடக்கு, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. மனிசிக்கும் சொல்லேல்ல." அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அவரோடு அவ்வளவு தூரம் வந்து சேர்ந்த சாமான்களில் அதுவும் ஒன்று போல.

கோணேஸ்வரி பொத்தானைப்பற்றிச் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நாங்கள் சும்மாவே சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்?"

"ஓம் ஐயா."

அவர் சிரித்தார். இருமலும் சிரிப்பும் கலந்து வந்தது. "கதிரவேலும் நிண்டவன்தானே. அது எனக்குக் காணும்." பிறகு, "நீங்கள் களவா மாத்தியிருக்கலாம். கேட்டீங்கள். மாத்துங்கோ பிள்ளை" என்றார். பின்னால் யாரோ போனுக்கு அவசரப்படுத்தினார்கள். "ஒண்டு மட்டும். அந்தக் கட்டத்துக்கு மேல சம்பூர் எண்டு போட்டிருந்தீங்கள். அது இப்பவும் கிடக்கோ?"

திரையில் புதுப் பனல், ஒரே கட்டத்தோடு, வெறுமையாக இருந்தது.

"ஓம் ஐயா. கிடக்கு."

லைன் அறுந்தது. கனகசுந்தரம் ஐயா திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இல்லையே பிள்ளை."

"வரும் ஐயா."

முதலில் பொத்தானை அமத்தி அறிவித்தலை மாற்றினாள். திருவிழா கோயிலுக்குள் மட்டும், வீதியுலா இல்லை, தூரத்தில் இருக்கும் அடியார்கள் இருந்த இடத்தில் இருந்தே கும்பிட்டுக்கொள்ளவும். கீழே மூன்று பேருடைய பெயரும் போட்டாள். பிறகு புது வசதியைத் திறந்தாள். எத்தனை உரிமையாளர் என்று கேட்டது. மூன்று என்று கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் மூன்று கட்டம் வந்தது. எத்தனை இரவு கண்ணை நோகவைத்து உடைத்துச் செய்ததை அது ஒரு நொடியில் செய்தது. கட்டங்களுக்கு மேல் இங்கிலீஸில் முதலாம் உரிமையாளர், இரண்டாம் உரிமையாளர், மூன்றாம் உரிமையாளர் என்று இருந்தது. அதை மாற்றப் பார்த்தாள். விடவில்லை. படம் ஒட்டப் பார்த்தாள். அந்த வழியையும் அடைத்திருந்தார்கள்.

"பேர் மாத்தேலாதோ?" என்று கேட்டார் கனகசுந்தரம் ஐயா.

"இப்போதைக்கு ஏலாது" என்றாள். சொன்ன பிறகு அந்தச் சொல் அவளுக்கே பிடிக்கவில்லை.

முறைப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தாள். ஐயா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து, தங்கள் மேலான கவனத்துக்கு என்று தொடங்கினார். அவள் மறிக்கவில்லை. ஒரு கோயில், மூன்று ஊர், மூன்றாவது கட்டத்தின் மேல் ஓர் ஊரின் பெயர் வரவேண்டும், எழுத்தாக முடியாவிட்டால் படமாகவேனும் விட வேண்டும் என்று இருவரும் மாறி மாறி எழுதினார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று மெலிசா கேட்பார் என்று கோணேஸ்வரி சொன்னாள். ஐயா யோசித்து, குடாவுக்கு அந்தப் பக்கம் என்று போடச் சொன்னார்.

அனுப்ப முன், எவ்வளவு அவசரம் என்று முறைப்பாட்டுப் பக்கம் கேட்டது. சாதாரணம், அவசரம், மிக அவசரம் என்று மூன்று இடம் இருந்தது. மிக அவசரம் என்பது சேர்வர் முழுதாக நின்றுபோனால் மட்டும் பாவிக்க வேண்டியது என்றும், வீணாகப் பாவிக்கிறவர்களுடைய முறைப்பாடு பின்னுக்குத் தள்ளப்படும் என்றும் கீழே எழுதியிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை.

கோணேஸ்வரி மிக அவசரம் என்பதை அமத்தினாள்.